பேரில்லாத பேரேடு: பெண் வாக்குரிமை வரலாறும் வானொலி நகைச்சுவையும்

1917ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மார்கரெட் கசின்ஸ் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு சென்னைக்கு வரவிருந்தார். பெண்களின் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்துப் பெண் குழந்தைகளின் கல்வி பற்றிப் பேச விரும்புகிறது என்பதே விண்ணப்பத்தின் சாரம். பதில் வந்தது: அமைச்சர் வருவது அரசியல் காரியமாக, அரசியல் கோரிக்கையோடு வரும் குழுக்களுக்குத்தான் நேரம். அயர்லாந்திலும் லண்டனிலும் ஓட்டுக் கேட்டுச் சிறை சென்று வந்த பெண்மணி கசின்ஸ். அரசியல்தானே வேண்டும் என்று விண்ணப்பத்தில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்: பெண்களுக்கும் வாக்குரிமை. டிசம்பர் 18ஆம் தேதி சரோஜினி நாயுடு தலைமையில் அந்தக் குழு மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் சந்தித்தது. பெண்களை வாசலோடு திருப்பி அனுப்ப எழுதிய கடிதத்தின் புண்ணியத்தில், இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை அரசாங்கத்தின் முன்னால் முறைப்படி வந்து நின்றது.

வானொலி நாடகம் எழுதத் தெரிந்தவருக்கு இது கையில் கிடைத்த வெண்ணெய். ஒரு தட்டச்சுப் பொறி, ஓர் அழைப்பு மணி, இரண்டு குரல். வேறு எதையும் ஜோடிக்க வேண்டாம், கோப்பை அப்படியே வாசித்தாலே சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டுக் கேட்ட பெண்ணின் தலையில் விழவில்லை. விதியைக் காட்டித் தப்பிக்கப் பார்த்து, அதே விதியில் காலை மாட்டிக்கொண்ட குமாஸ்தாவின் தலையில் விழுகிறது. பெண் வாக்குரிமை இயக்கத்தை வானொலியில் நகைச்சுவையாகச் சொல்வதானால் அந்தக் குமாஸ்தாவே நடுநாயகமாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். சென்னை மாகாணத்தின் வரலாறு, அதிலும் கொங்கு நாட்டோடு ஒட்டிய பகுதி, அதற்கு வேண்டிய சரக்கைத் தாராளமாக வைத்திருக்கிறது. தமிழ்ச் சிரிப்புதான் நெடுங்காலம் வேறு திசையில் சிரித்துப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கத்துக்குச் சான்று தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. கல்யாண வீட்டுப் பந்தலில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். "உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமா?" என்று ஒருவர் கேட்பார், மனைவி சொல் எடுபடும் வீடு மதுரை, கணவன் சொல் எடுபடும் வீடு சிதம்பரம். பட்டிமன்ற மேடையிலும் வானொலியின் நகைச்சுவைத் துணுக்கிலும் இந்தக் கேள்வி தேய்ந்த நாணயம் போலப் புழங்குகிறது. இன்னொன்று 'அல்லி ராஜ்ஜியம்'. அல்லி அரசாணி மாலையில் ஆண் துணையின்றி மதுரையை ஆண்டவள் அல்லி. அவளை அருச்சுனன் போரிட்டு வெல்லவில்லை; தந்திரத்தால் தாலி கட்டுகிறான். கதைப்படி அவள் ஆட்சியில் குறையொன்றும் இல்லை. இருந்தும், பெண் ஒருத்தி கூட்டத்துக்குத் தலைமை தாங்கினாலே உதிர்க்கும் கிண்டலாக அவள் பெயர் நிலைத்துவிட்டது. இந்த நகைச்சுவைக்கு ஆட்சியின் தரம் பற்றிய அக்கறை கிடையாது. ஆள்பவர் பெண் என்பதே அதற்குப் போதுமான வேடிக்கை. வாக்குரிமை வரலாற்றை இந்தச் சட்டியில் போட்டு வறுத்தால், 'ஓட்டு வாங்கிய மனைவியும் அடுப்பூதும் கணவனும்' என்ற பழைய பலகாரம்தான் கிடைக்கும்.

மறுபக்கச் சிரிப்பை வாக்குரிமைப் பெண்களே கையில் எடுத்த ஊர்கள் உண்டு. 1909இல் லண்டனில் சிசிலி ஹாமில்டனும் கிறிஸ்டோஃபர் செயின்ட் ஜானும் சேர்ந்து எழுதிய 'ஓட்டுக் கிடைத்த கதை' என்ற ஓரங்க நாடகம் அவற்றில் ஒன்று. (ஆண் பெயரில் எழுதிய இரண்டாமவரும் பெண்தான்.) பெண்களை ஆண்கள் காப்பாற்றுகிறார்கள், ஆகவே பெண்களுக்குத் தனியாக ஓட்டு எதற்கு என்கிறது அரசாங்கம். சரி, காப்பாற்றுங்கள் என்று நாட்டிலுள்ள பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு, அவரவருக்கு நெருங்கிய ஆண் உறவினர் வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். பிரிக்ஸ்டன் பகுதியில் குடியிருக்கும் ஒரு சாதாரண எழுத்தர் வீட்டில் வரிசையாக வந்து இறங்குகிறார்கள். கடைசியில் அவரே பெண்களுக்கு ஓட்டுக் கொடு என்று பாராளுமன்றத்தை நோக்கி ஓடுகிறார்.

பிரிக்ஸ்டனைக் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர் ஆக்கிப் பார்க்கத் தடையே இல்லை. ரயில்வே காலனிக் குடியிருப்பின் சின்ன வீட்டுக்கு அத்தை வருகிறாள், சித்தி வருகிறாள், நங்கையாள் வருகிறாள், பேரூரிலிருந்து பெரியம்மா கறவை மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். உறவுமுறைச் சொற்களின் எண்ணிக்கையில் ஆங்கிலத்தைத் தமிழ் எளிதாகத் தோற்கடிக்கும். ஹாமில்டனுக்குக் கிடைக்காத வசதி இது.

கனடாவில் வின்னிபெக் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1914 ஜனவரி 28 அன்று வாக்கர் அரங்கில் பெண்கள் ஒரு போலிச் சட்டமன்றம் நடத்தினார்கள். பெண்களே உறுப்பினர்கள், வாக்குரிமை கேட்டு மனுவோடு வந்தவர்கள் ஆண்கள். முதல்வராக நடித்த நெல்லி மெக்ளங், மாகாணத்தின் உண்மையான முதல்வர் ராப்ளின் பெண்களின் தூதுக்குழுவிடம் பேசிய பேச்சை, அவருடைய கையசைப்பும் குழைவும் மாறாமல், ஆண்களிடம் திருப்பிப் பேசினார். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1916 ஜனவரி 28 அன்று, கனடாவில் முதல் மாகாணமாக மனிடோபா பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. போலிச் சட்டமன்றம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் அது மிகை. ஆட்சி மாறியது, கையெழுத்து இயக்கம் நடந்தது. மெக்ளங் கண்டுபிடித்த உத்தியின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. அதிகாரத்தின் வாசகத்தை மாற்ற வேண்டாம். அதைச் சொல்லும் குரலை மாற்றினால் போதும். முகம் தெரியாத வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி ஏது?

சென்னை மாகாணத்துக்குத் திரும்பினால், அதிகாரத்தின் வாசகங்கள் வண்டி வண்டியாகக் கிடைக்கின்றன. மாண்டேகுவைச் சந்தித்த குழு கேட்டது அடக்கமான ஒன்று: வாக்குரிமை விதிகள் எழுதப்படும்போது 'மக்கள்' என்ற சொல்லுக்குள் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாண்டேகு தம் நாட்குறிப்பில் சரோஜினியைக் கவர்ச்சியும் கெட்டிக்காரத்தனமும் உள்ளவர் என்று எழுதி, உள்ளுக்குள் புரட்சிக்காரி என்ற சந்தேகத்தையும் பதிந்து வைத்தார். பின்னால் வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூக நிலையில் பெண்களுக்கு வாக்குரிமை இப்போதைக்கு உகந்ததல்ல என்று கைவிரித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களின் தலையில் கட்டியது: வேண்டுமானால் நீங்களே தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். லண்டன் தள்ளிவிட்ட பந்தைச் சென்னை பிடித்தது. 1921 ஏப்ரல் 1ஆம் தேதி, நீதிக்கட்சி ஆட்சியில், பெண் என்பதால் வரும் தகுதியின்மையை நீக்கும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுவே முதல். முட்டாள்கள் தினத்தில் என்பதை நாடக ஆசிரியர் ஒருமுறைக்கு மேல் சொல்லிக்காட்டக் கூடாது. ஒருமுறை சொல்லாமல் விடவும் முடியாது. (சென்னை மாநகராட்சி தன் வானொலி ஒலிபரப்பை ஒழுங்காகத் தொடங்கியதும் ஓர் ஏப்ரல் 1ஆம் தேதிதான், 1930இல்.)

தீர்மானம் எடுத்தது ஒரு தடையை மட்டும். மற்ற தடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஓட்டுக்குச் சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். பருத்திக் காட்டில் களை எடுத்து, ஏற்றம் இறைக்கும் ஆளுக்குச் சோறு கொண்டுபோய், மாடு கன்று பார்த்துத் தோட்டத்தை உண்மையில் நடத்திய கொங்குப் பெண்ணின் பெயர் பட்டாவில் அரிதாகவே இருந்தது. ஓட்டுக்கு வழி பட்டா. பட்டாவுக்கு வழி ஆம்பிளை. "நீயும் வரலாம்" என்று கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியை இரண்டாள் உயரத்துக்குக் கட்டியது போன்ற ஏற்பாடு. அதே 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்காகத் தெருவில் இறங்கியிருந்தார்கள். அதற்குப் பட்டா தேவைப்படவில்லை.

இந்தக் கதையைப் போத்தனூரிலிருந்து சொல்லத் தகுந்த காரணம் உண்டு. அந்தக் காலத்து மதராஸ்–மங்களூர் ரயில் பாதை போத்தனூர் வழியே சென்றது. கோயம்புத்தூர் நகரமே போத்தனூரிலிருந்து பிரிந்த கிளைப்பாதையில்தான் இருந்தது. வாக்குரிமை வரலாற்றின் முக்கியமான பெண்கள் சிலர் அந்தப் பாதையின் இரு முனைகளைச் சேர்ந்தவர்கள். 1926இல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றானதும், மங்களூரில் சட்டமன்றத்துக்கு நின்று சொற்ப வாக்கில் தோற்றவர் கமலாதேவி சட்டோபாத்யாய். அவரை நிற்கத் தூண்டியவர் சென்னையிலிருந்த கசின்ஸ். தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு உழைத்த மங்களூர் குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாய், சாதி எல்லையைத் தாண்டித் திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனை மணந்து கொங்கு நாட்டுக்கு மருமகளாக வந்தவர். சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அந்த ஆட்சிக் காலத்தில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார்.

ராதாபாய் சுப்பராயன் ஒற்றை வண்ணத்தில் வரையக்கூடிய பாத்திரம் அல்ல. 1930இல் முதலாம் வட்டமேசை மாநாட்டுக்குப் பேகம் ஷா நவாஸுடன் சென்ற இரு பெண் பிரதிநிதிகளில் ஒருவர். 1932இல் லோதியன் தலைமையில் அமைந்த இந்திய வாக்குரிமைக் குழுவிலும் உறுப்பினர். பெண்களுக்குத் தற்காலிகமாகச் சில இடங்களை ஒதுக்குவதையும், படிப்படியாக விரியும் வாக்குரிமையையும் அவர் ஏற்றார். இந்திய மாதர் சங்கமும் பிற மகளிர் அமைப்புகளும் வயது வந்தோர் எல்லோருக்கும் ஓட்டு, ஒதுக்கீடு வேண்டாம் என்று நின்றன. ஆக, வாக்குரிமை இயக்கத்துக்குள்ளேயே ஒரு மாமியார்–மருமகள் சண்டைக்கு இடமிருந்தது என்று வானொலிக் குறும்பன் எழுதிவிடுவான். அப்படி எழுதினால் தவறு. இரு தரப்பும் வாதிட்டது கொள்கை பற்றி. குரலை உயர்த்திக் கூச்சலிட்டால் இருவரும் ஒரே மாதிரி ஒலிப்பார்கள், வேறுபாடு கரைந்துவிடும்.

லோதியன் குழுவில் வேறு நல்ல வேடிக்கைகள் இருக்கின்றன. ராதாபாயைத் தவிர அதில் இருந்த பெண் உறுப்பினர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தைச் சேர்ந்தவர். பெயர் மேரி பிக்ஃபோர்டு. ஊமைப்பட ரசிகர்களுக்கு அந்தப் பெயர் ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவருடையது. பட்டணத்துக் கொட்டகையில் அழ வைத்த பிக்ஃபோர்டு நம் ஊருக்கு ஓட்டுத் தர வருகிறாள் என்று டீக்கடையில் ஒருவன் நம்பிவிட்டால் ஒரு முழு அத்தியாயம் ஓடும். குழுவின் ஆய்வுக்குப் பின் வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருவோ இதைவிட வேடிக்கை: சொத்துள்ள ஆணின் மனைவி என்பதே ஒரு தகுதி ஆனது. 1933இல் வெளியான வெள்ளை அறிக்கை, அப்படித் தகுதிபெறும் பெண் தானே மனுப் போட்டால்தான் பட்டியலில் ஏறுவாள் என்று முன்மொழிந்து எதிர்ப்பைச் சம்பாதித்தது. முன்பு ஏறத்தாழ இருபது ஆண் வாக்காளருக்கு ஒரு பெண் என்றிருந்த விகிதம், சட்டத்துக்குப் பின் ஐந்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. முன்னேற்றம்தான். ஆனால் மனைவி ஓட்டுப் போட வேண்டுமானால் அவளுக்கு வேண்டியது கணவனின் தோட்டம். தோட்டத்தை அவன் சூதாட்டத்தில் விட்டால் அவள் ஓட்டும் கூடவே போயிற்று. இப்படி ஒரு கணவனுக்கு ஊரிலுள்ள பெண்களெல்லாம் சேர்ந்து புத்தி சொல்லும் காட்சி, சட்டத்தின் சரத்தை விளக்க ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட நன்றாக வேலை செய்யும்.

இந்த வரலாற்றின் உச்சமான நகைச்சுவை வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆன பிறகுதான் வருகிறது. 1951–52இல் முதல் பொதுத்தேர்தல். 17 கோடியே 32 லட்சம் வாக்காளர்கள், அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் எழுதப் போனவர்களிடம் நாடெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டார்கள். அப்படிப் பெயரில்லாத பதிவுகளை ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வட பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சென்னை மாநிலம் அந்த வரிசையின் முன்னணியில் இல்லை. ஆனால் கணவன் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் கொங்கு நாட்டுக்கு அந்நியமில்லை. 'எங்கூட்டுக்காரரு', 'அவீங்க', 'எங்க மாமா' என்பதோடு நிறுத்திக்கொண்ட பாட்டிகள் பலர். பேரேடு எழுத வந்தவர் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன கேட்டிருக்கும்? வானொலிக்காகப் புனைந்து பார்க்கலாம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, ஊர் மணியகாரர், திண்ணையில் ராகி புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்.

குமாஸ்தா: பேரைச் சொல்லுங்கம்மா.

பெண்: அவீங்க தோட்டத்துக்குப் போயிருக்கறாங்க.

குமாஸ்தா: உங்க பேரும்மா.

பெண்: எம்பேரு எதுக்குங்க? நெலமெல்லாம் அவீங்க பேர்லதானுங்க இருக்குது.

குமாஸ்தா: இது நிலத்துக்கு இல்லை, ஓட்டுக்கு. சரி, வீட்டுக்காரர் பேரையாவது சொல்லுங்க.

பெண்: அதெப்படிங்க நாஞ் சொல்றது?

மணியகாரர்: (இருமிக்கொண்டு) ஏனம்முணி, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துட்டு எந்த ஊருக்குப் போவீங்கொ?

பெண்: அந்த ஊருதானுங்க. பின்னால சாமின்னு போட்டுக்கோங்க.

குமாஸ்தா: (எழுதுகிறார்) பழனிச்சாமி... மனைவி... சரி, முடிஞ்சுது.

பெண்: ஏனுங்க, அவீங்க பேரத்தான் நீங்களே எழுதீட்டீங்களே. எம்பேரு எழுத அதுல எடம் இருக்குதுங்களா?

காட்சியின் பாதி வரை கேட்பவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். கடைசி வரியில் சிரிப்பு குமாஸ்தாவின் பக்கம் திரும்பிவிடுகிறது. முதலில் பெயர் கேட்டவர் அவர்தான். கணவன் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மூடி வைத்தவரும் அவர்தான். 'பேரேடு' என்ற பழைய கணக்குச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பேர் எழுதும் ஏடு என்றும் வாசிக்கலாம். அந்த ஏட்டில் பேரில்லாமல் ஒருத்தி இருக்க முடிந்தது என்பதே இந்த வரலாற்றின் முரண்.

இந்தக் காட்சி மேடையைவிட வானொலியில் நன்றாக நிற்கும். மேடையில் புடைப்பதும் புடவையும் திண்ணையும் கண்ணை இழுத்துக்கொள்ளும். வானொலியில் மிஞ்சுவது பெயரும், பெயர் வராத இடத்தில் விழும் இடைவெளியும். ஒலிபரப்பில் சில விநாடி மௌனம் விழுந்தாலே பதறுவது வானொலிக்காரர் வழக்கம். "உங்க பேரு?" என்ற கேள்விக்குப் பின் வேண்டுமென்றே விடும் மூன்று விநாடி, அந்தப் பெண்ணைப் பற்றி நீண்ட வசனத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். பேச்சுமொழி இன்னொரு கருவி. குமாஸ்தாவின் தமிழ் ஆபீஸ் தமிழ். மணியகாரரின் 'போவீங்கொ'வும் பெண்ணின் 'ங்க'வும் வீட்டுத் தமிழ். 1966இல் தொடங்கிய கோவை வானொலி நிலையம் வேளாண் நிகழ்ச்சிகளில் இந்த வட்டாரப் பேச்சுக்கு இடம் கொடுத்து வந்திருக்கிறது. திரைப்படமோ கொங்குத் தமிழை நெடுங்காலம் சிரிப்பு மூட்டும் ஒலியாகவே எடுத்துக்கொண்டது. வாக்குரிமை நாடகத்தில் அந்தச் சமன்பாட்டைத் தலைகீழாக்கலாம். வேடிக்கையாக ஒலிக்க வேண்டியது 'மேற்படி நபர்', 'தகுதியின்மை நீக்கம்' போன்ற சொற்கள். இயல்பாக ஒலிக்க வேண்டியது 'ஏனுங்க'.

இப்படிச் சிரிப்பைத் திசைதிருப்பிய முன்னோடி தமிழிலேயே உண்டு. 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய 'கிந்தனார்' காலட்சேபம், நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை அப்படியே கையாண்டது. கோயிலுக்குப் போகத் துடித்த நந்தனின் இடத்தில் படிக்கத் துடிக்கும் கிந்தன். தாழ்த்தப்பட்ட சிறுவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவனைத் தடுப்பவர்களின் சாக்குகளைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் படத்துக்குப் பாட்டெழுதிய உடுமலை நாராயணகவி கொங்கு மண்ணில் பூளவாடிக்காரர். நந்தனாராகத் திரையில் ஆண் வேடமிட்டு நடித்து ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்று பேசப்பட்ட கே.பி. சுந்தராம்பாள் கொடுமுடிக்காரர். அவரே 1951இல் சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, இந்தியத் திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்த முதல் கலைஞர் ஆனார். ஆண் வேடத்தில் பாடிய பெண் குரல் அவைக்குள் பெண்ணாகவே நுழைந்தது. மெக்ளங் செய்ததை நினைத்தால், நம் நாடகத்தின் குமாஸ்தாவுக்கும் ஒரு பெண் குரல் கொடுப்பது பொருத்தம். காதுக்கு இது சில நிமிடம் உறுத்தும், உறுத்தட்டும்.

நகைச்சுவை போராட்டத்தை மலினப்படுத்தாதா என்ற மறுப்பு நியாயமானது. சிறையும் பட்டினியும் பட்டவர்களின் கதையைச் சிரிப்பாக்கினால், எல்லாம் சுலபமாக நடந்த மாதிரி ஆகிவிடும். அதற்கு விடை, எதைச் சிரிக்கக் கூடாது என்பதையும் நாடகம் தெரிந்துவைத்திருப்பதுதான். போத்தனூர் அந்த எல்லையைக் காட்டும் ஊரும்கூட. 1921 நவம்பரில், சென்னையில் பெண்களுக்கு ஓட்டுத் தீர்மானம் போட்ட ஏழெட்டு மாதத்தில், மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட மாப்பிள்ளைக் கைதிகளைத் திரூரிலிருந்து அடைத்து வந்த ரயில் பெட்டியை இந்த நிலையத்தில் திறந்தார்கள். காற்றில்லாமல் மூச்சுத் திணறி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 'இப்போதைக்கு உகந்ததல்ல' என்று பெண்களின் விண்ணப்பத்தை மறுத்த ஆபீஸ் மொழியும், மனிதர்களைச் சாமான் பெட்டியில் ஏற்றிவிட்ட நிர்வாகமும் ஒரே அரசாங்கத்தின் இரு கைகள். 1921ஆம் ஆண்டை இந்த ஊரில் வைத்துச் சொல்லும் நாடகம் நவம்பர் வந்ததும் சிரிப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிந்த நகைச்சுவையைத்தான் மற்ற மாதங்களில் நம்ப முடியும்.

சிரிப்பின் மொத்தச் சுமையும் குமாஸ்தா மீதே ஏறினால் பெண்கள் குறையற்ற தெய்வங்களாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இதற்கு இலங்கை நல்ல மருந்து தருகிறது. 1927–28இல் அங்கு வந்த டொனமோர் ஆணைக்குழுவின் முன் மகளிர் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆக்னஸ் டி சில்வாவும் மற்றவர்களும் ஆஜரானார்கள். அவர்கள் கேட்கப் போனது கட்டுப்பாடுள்ள வாக்குரிமை. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா ஓட்டுக் கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழுவிலிருந்து கேள்வி வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் என்று ஆக்னஸ் டி சில்வா சொல்லிவிட்டார். தாங்கள் எழுதி வைத்த கோரிக்கையைத் தங்கள் வாயே கடந்துபோன தருணம் அது. உடன் வந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும். 1931இல் இலங்கைப் பெண்கள் 21 வயதில் ஓட்டுப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசுப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தோட்டத் தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டமும் வாக்குரிமையை அதற்கடுத்த சட்டமும் பறித்தது அதே கதையின் பிற்பகுதி. நாடகம் 1931ஓடு கைதட்டி முடிந்துவிடக் கூடாது.

குமாரமங்கலத்துக் கதையும் 1935ஓடு முடியவில்லை. ராதாபாய் 1938இல் மத்திய அரசின் மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அவர் மகள் பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கம்யூனிஸ்டாகி, தோழர் என்.கே. கிருஷ்ணனை மணந்து, கோவை ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்தார். அண்ணன் ஒருவர் ராணுவ அதிகாரி, பின்னாளில் தரைப்படைத் தளபதி. இன்னொரு அண்ணன் மோகன் குமாரமங்கலமும் கம்யூனிஸ்ட். இந்த ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை ஒலிவாங்கி முன் வைத்தால் வாரத் தொடர் ஒன்று தானே எழுதிக்கொள்ளும்.

1957இல் கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியில் பார்வதி கிருஷ்ணன் வென்றார். அவருக்கு ஓட்டுப் போட்ட ஆலைப் பெண்கள் நூற்பு அறையிலிருந்தும் பஞ்சுத் தூசியிலிருந்தும் வந்தவர்கள். வரிசையில் நின்று, பட்டியலில் தங்கள் சொந்தப் பெயரைக் காட்டி, விரலில் மை வாங்கினார்கள். அம்மா உட்கார்ந்து எழுதிய லோதியன் குழுவின் அளவுகோலை வைத்திருந்தால், நிலமும் படிப்பும் சொத்துள்ள கணவனும் இல்லாத அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார்கள். மகள் கோவையின் உறுப்பினராக மக்களவையில் உட்கார்ந்தபோது ராதாபாய் உயிரோடு இருந்தார். அவர் காலமானது 1960இல்.